கிராபிக்ஸ் கார்டை எப்போது மாற்றுவது? வரலாற்று வாத்தியார் போட்ட கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் மட்டும் படியுங்கள்.

வெள்ளிமலைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். பெயர் வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான். அவனிடம் ஆர்டிஎக்ஸ் 3080 என்ற கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. அதை விற்றுவிட்டு 5090 வாங்கப் போகிறானாம். இந்தியாவில் அதன் அறிமுக விலை 2,14,000 ரூபாய். கடைக்குக் கடை அதற்கு மேலும் சொல்கிறார்கள். தவணை போட்டு வாங்கத் திட்டம். தங்கைக்கு நர்சிங் கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது. அந்தக் கட்டணத்தையும் இவன்தான் கட்டுகிறான். "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். உடனே இரண்டு கட்சி உருவாகிவிட்டது. ஒரு கட்சி "வாழ்க்கையில ஒரு தடவைதான், வாங்குடா" என்றது. இன்னொரு கட்சி "விளையாட்டுக்கு ரெண்டு லட்சமா?" என்று ஆரம்பித்தது.

நான் சமூக அறிவியல் வாத்தியார். சிப்பு, சிலிக்கான் எல்லாம் என் பாடம் இல்லை. ஆனால் எந்தப் பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் படித்தால், விளம்பரம் சொல்லாத விஷயம் தெரிய வரும். ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன், தெரிந்த பிள்ளைகளைக் கேட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சாம்ராஜ்யம் விழுந்த கதை. 1996இல் அமெரிக்காவில் த்ரீடிஎஃப்எக்ஸ் என்ற நிறுவனம் வூடூ என்று ஒரு கார்டு கொண்டுவந்தது. அது முப்பரிமாணப் படத்தை மட்டும்தான் வரையும். சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு தனியாகப் போட்டிருக்க வேண்டும். ஆனாலும் அதை வாங்கிப் போட்டு குவேக் விளையாடியவர்கள் பழைய முறைக்குத் திரும்பவே இல்லை. நான்கு வருடம் அந்த நிறுவனம்தான் ராஜா. பிறகு என்ன ஆயிற்று? அதுவரை சிப்பை மட்டும் செய்து, கார்டு செய்யும் கம்பெனிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தவர்கள், எஸ்டிபி என்ற கம்பெனியை வாங்கி, இனி கார்டையும் நாங்களே செய்வோம் என்றார்கள். நேற்றுவரை கூட்டாளியாக இருந்த கம்பெனிகள் எல்லாம் எதிர் முகாமான என்விடியா பக்கம் போயின. நம்ம பாளையக்காரர் வரலாறு படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

2000 ஜூனில் வூடூ 5 வந்தது, 299 டாலர். அதே வருடம் டிசம்பரில், தன் சொத்தை என்விடியாவுக்கு விற்கப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஜூனில் ஆசையாக வாங்கியவர் கையில் டிசம்பரில் இருந்தது நாதியற்ற கார்டு. அது வேகம் குறைந்து சாகவில்லை. அதற்குப் புதிய டிரைவர் எழுத ஆள் இல்லாமல் போயிற்று. இந்த வித்தியாசம் முக்கியம். மேலே படிக்கும்போது மறுபடி வரும்.

என்விடியாவே அதற்கு முன் ஒரு தடவை விழுந்து எழுந்ததுதான். 1993இல் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலாச்சோவ்ஸ்கி, கர்டிஸ் பிரியம் மூவரும் தொடங்கியது. 1995இல் வந்த அதன் முதல் சிப்பு, உருவங்களை வளைபரப்புகளால் வரைந்தது. உலகம் முக்கோணங்களால் வரையும் முறைக்குப் போனது. மைக்ரோசாஃப்டும் முக்கோணம் பக்கம் நின்றது. சிப்பு எடுபடவில்லை. பாடம் கற்றுக்கொண்டு 1999இல் ஜீபோர்ஸ் 256 கொண்டுவந்தார்கள். ஜிபியு என்ற சொல்லைப் பரவலாக்கியது அந்தக் கார்டின் விளம்பரம்தான்.

நம் ஊரில் அப்போது என்ன நடந்தது? கள்ளக்குறிச்சியில் நெட் சென்டர்கள் வந்த காலம். பள்ளிக்கூடத்துக்கு வராத பையனைத் தேட வேண்டுமென்றால் நேராக அங்கேதான் போவேன். ப்ராஜெக்ட் ஐஜிஐ, கவுண்டர் ஸ்ட்ரைக், பிறகு வைஸ் சிட்டி. இதைப் படிக்கிற நாற்பது வயதுக்காரர்கள் சிலர் இப்போது சிரிப்பார்கள் என்று தெரியும்! அந்தக் காலத்து இந்தியக் கணினிகளில் அதிகம் இருந்த கார்டுகளில் ஒன்று ஜீபோர்ஸ் 4 எம்எக்ஸ். இதில்தான் ஒரு சூது.

2001இல் வந்த ஜீபோர்ஸ் 3இல் ஷேடர் என்ற புதிய வசதி வந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமும் ஒளியும் எப்படி இருக்க வேண்டும் என்று விளையாட்டை எழுதுபவரே கட்டளை எழுதிக் கொடுக்கலாம். அடுத்த வருடம் 4 எம்எக்ஸ் வந்தது. 3ஐவிட 4 பெரியதுதானே என்று எல்லோரும் வாங்கினார்கள். அதில் அந்த வசதி இல்லை! பெயர் நான்கு, உள்ளே இருந்தது பழைய சரக்கு. 2003 கடைசியில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம் வந்தபோது அந்தக் கார்டில் ஓடவில்லை. மெதுவாக ஓடியது என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், திறக்கவே இல்லை.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நல்ல கார்டு ஒன்று எப்படிச் சாகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வேகம் போதாமல் சாவதில்லை. வேகம் போதவில்லை என்றால் அமைப்புகளைக் குறைத்து வைத்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். புதிய முறை ஒன்று வந்து, அது கட்டாயமாகும் நாளில்தான் பழைய கார்டு சாகிறது. அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: புதிய முறை அறிமுகமான நாளுக்கும், அது இல்லாமல் விளையாட்டே திறக்காது என்ற நாளுக்கும் நடுவில் எத்தனை வருடம்?

தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஷேடர் 2001 தொடக்கத்தில் அறிமுகம், 2003 கடைசியில் கட்டாயம். மூன்று வருடத்துக்குள். அடுத்து டைரக்ட்எக்ஸ் 10. அதற்கான முதல் கார்டு 8800 ஜிடிஎக்ஸ், 2006 நவம்பர், 599 டாலர். அது இல்லாமல் ஓடாத ஜஸ்ட் காஸ் 2 வந்தது 2010 மார்ச். மூன்று வருடம் நான்கு மாதம். அடுத்து ரே டிரேசிங், அதாவது ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்கிட்டு வரைவது. அதற்கான தனி வன்பொருளோடு ஆர்டிஎக்ஸ் 20 வரிசை 2018 செப்டம்பரில் வந்தது. கடைக்கு வந்த நாளில் அதைப் பயன்படுத்தும் பெரிய விளையாட்டு ஒன்றுகூட இல்லை. பேட்டில்ஃபீல்டு 5இல் நவம்பரில்தான் வந்தது. மெட்ரோ எக்ஸோடஸின் மறுபதிப்பு 2021இல் அந்த வன்பொருள் வேண்டும் என்று கேட்டது, ஆனால் பழைய பதிப்பும் கூடவே இருந்தது. மாற்று வழியே இல்லாமல் இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் வந்தது 2024 டிசம்பர். ஆறு வருடத்துக்கு மேல்!

இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. ஏன்? பெரிய விளையாட்டு ஒன்றை உருவாக்க இப்போது நான்கைந்து வருடம் ஆகிறது. செலவும் அதற்கேற்ப. பழைய கார்டு வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்களை விட்டுவிட்டு யாருக்கு விற்பது? அதுவுமில்லாமல், விளையாட்டுகளின் தேவையைத் தீர்மானிப்பது கார்டு கம்பெனிகளைவிட பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகள்தான். அந்தப் பெட்டிகள் ஏழு வருடத்துக்கு ஒரு முறைதான் மாறுகின்றன. 2013 நவம்பரில் வந்தவற்றில் 8 ஜிபி நினைவகம். 2020 நவம்பரில் வந்தவற்றில் 16 ஜிபி. புதிய பெட்டி வந்து இரண்டு மூன்று வருடம் பழையதற்கும் சேர்த்தே விளையாட்டு எழுதுவார்கள். பிறகு பழையதைக் கைவிடுவார்கள். அப்போதுதான் கணினிக்காரர்களுக்கும் அடி விழும். 2023இல் ஹாக்வார்ட்ஸ் லெகசியும் தி லாஸ்ட் ஆஃப் அஸ்ஸும் கணினிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுகள் மூச்சுத் திணறியது தற்செயல் இல்லை. பஞ்சாங்கம் பார்த்து விதைப்பதுபோல இவர்கள் பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஜிடிஎக்ஸ் 1080 டிஐ என்ற கார்டின் ஆயுளைப் பாருங்கள். 2017 மார்ச், 699 டாலர், 11 ஜிபி. 2018இல் "ரே டிரேசிங் வந்துவிட்டது, இது பழசு" என்றார்கள். 2020இலும் அதையே சொன்னார்கள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2023 அக்டோபரில் ஆலன் வேக் 2 வந்தபோது முதல் தடுமாற்றம். 2024 டிசம்பரில் கதவு மூடியது. 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக்கு விளையாட்டுக்கான டிரைவர் நிறுத்தம், 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் என்று அறிவித்தார்கள். எட்டரை வருடம். ஒரு ஜோடி உழவு மாட்டின் உழைப்புக் காலம் போல என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மாட்டை வளர்த்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இப்போது விலைக்கு வருவோம். நம் தம்பியின் கதையில் முள் இங்கேதான் இருக்கிறது.

2020 செப்டம்பர் முதல் தேதி என்விடியா 30 வரிசையை அறிவித்தது. 3070 என்ற 499 டாலர் கார்டு, அதற்கு முந்தைய தலைமுறையின் உச்சமான 2080 டிஐக்குச் சமம் என்றார்கள். 2080 டிஐயை நிறுவனமே விற்ற விலை 1,199 டாலர். அறிவிப்பைக் கேட்டவுடன், வைத்திருந்தவர்கள் பதறிப்போய்ப் பாதி விலைக்கும் கீழே விற்றார்கள். கோடையில் தீவனம் இல்லை என்று சந்தையில் மாட்டைத் தள்ளிவிடுவது போல. அடுத்து நடந்தது என்ன? கொரோனாவில் எல்லோரும் வீட்டில், சிப்புத் தட்டுப்பாடு, போதாக்குறைக்கு எத்தீரியம் நாணயம் தோண்டுபவர்கள் லாரி லாரியாகக் கார்டுகளை அள்ளினார்கள். புதிய கார்டு கண்ணில் படவே இல்லை. சில மாதத்தில் பழைய 2080 டிஐ, விற்றவர்கள் விற்ற விலையைப்போல இரண்டு மடங்குக்குப் போனது. கையில் இருந்ததை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்கள் 2021 முழுவதும் காத்திருந்தார்கள். இந்தியாவில் 71,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட 3080ஐ அந்த விலைக்கு வாங்கியவரை விரல் விட்டு எண்ணலாம்.

2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. தோண்டுவதற்குக் கார்டே வேண்டாம் என்றாகிவிட்டது. குவித்து வைத்திருந்தவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விற்க வந்தார்கள். விலை சரிந்தது. நம் தம்பி 3080 வாங்கியது அந்த வருடக் கடைசியில்தான், ரிச்சி தெருவில், பில்லோடு. நல்ல நேரம் பார்த்து வாங்கியவன். அதனால்தான் அவன் இப்போது அவசரப்படுவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

காத்திருந்தால் விலை குறையும் என்ற பழைய நம்பிக்கையையும் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். 2007 அக்டோபரில் அது உண்மை. 599 டாலர் 8800 ஜிடிஎக்ஸுக்கு ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட ஈடாக ஓடும் 8800 ஜிடியை 250 டாலருக்குள் கொடுத்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2012இல் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் விளையாட்டுக்கான ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள் இரண்டை வைத்துக் கணினிக்குப் படங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பெருக்கம் அங்கே வேகமெடுத்தது. 2020 ஜூலையில் முடிந்த காலாண்டில் என்விடியாவின் தரவு மைய வருமானம் முதன்முறையாக விளையாட்டு வருமானத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு விளையாடுகிற பையன் அந்தக் கடையின் முதல் வாடிக்கையாளர் இல்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன். 2017இல் உச்சக் கார்டு 699 டாலர்; 2022 அக்டோபரில் 4090 1,599; 2025 ஜனவரியில் 5090 1,999. நமக்கு இதில் இன்னொரு அடியும் உண்டு. 2017இல் டாலர் 65 ரூபாய்ப் பக்கம் இருந்தது, 2025 தொடக்கத்தில் 86ஐத் தாண்டிவிட்டது. மேலே 18 சதவீத ஜிஎஸ்டி.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? முதலில் "உன் திரை என்ன?" என்று கேட்டேன். 1080பி. அதாவது 1920க்கு 1080, மொத்தம் 20,73,600 புள்ளிகள். 5090 போன்ற கார்டு 4கே திரைக்கானது. அதில் 82,94,400 புள்ளிகள், சரியாக நான்கு மடங்கு. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கவலை இறைத்த காலம், ஆயில் என்ஜின் காலம், மின்மோட்டார் காலம் மூன்றையும் பார்த்த கிணறுகள் இன்னும் இருக்கின்றன. ஊற்று மணிக்கு இவ்வளவுதான் என்றால் ஐந்து எச்.பி.யைக் கழற்றிப் பதினைந்து எச்.பி. போட்டு என்ன? சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். 1080பி திரைக்கு முன்னால் 5090ஐ வைத்தால், கார்டு வேலை இல்லாமல் நிற்கும். மீதி வேகத்தைக் கட்டுப்படுத்துவது அவனுடைய பழைய பிராசசர். திரையில் தெரியாத வேகத்துக்கு இரண்டு லட்சமா?

அவன் வாதமும் முழுக்கத் தப்பில்லை. 3080இல் 10 ஜிபிதான். இனி வரும் விளையாட்டுகளுக்கு அது இறுக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரே டிரேசிங் வன்பொருள் அதில் இருக்கிறது. எனவே 1080 டிஐக்கு மூடிய கதவு இதற்கு மூடவில்லை. 2025 ஜனவரியில் வந்த புதிய டிஎல்எஸ்எஸ், சிறிய படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் அந்தப் பகுதியை, 2018இன் கார்டுவரை எல்லா ஆர்டிஎக்ஸுக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். இடையிடையே கூடுதல் படங்களைப் புனைந்து சேர்க்கும் வித்தை மட்டும்தான் புதிய கார்டுக்கு. அதை வேகம் என்று கணக்கில் சேர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. மதிப்பெண்ணில் கருணை மதிப்பெண்ணைச் சேர்ப்பது போன்றது அது.

71,000 ரூபாய்ப் பொருளை ஐந்து வருடம் வைத்துக்கொண்டால் மாதம் 1,183 ரூபாய். 2,14,000 ரூபாய்ப் பொருளை அதே ஐந்து வருடம் வைத்துக்கொண்டால் 3,567, வட்டி சேர்க்காமல். மூன்று மடங்கு பணத்துக்கு, அவன் திரையில் மூன்று மடங்கு சந்தோஷம் வருமா என்று அவனே சொல்லட்டும்.

"வாழ்க்கையில ஒரு தடவைதான்" கட்சிக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பையன் பணத்தை விளையாட்டில் போடுவது எனக்குக் கோபமில்லை. 1976 வரை கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். கூலியில்லாமல் வேலை செய்த தலைமுறை இவன் தாத்தாவுடையது. 2011இல் அரசு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் இவன் வீட்டுக்குள் கணினி என்று ஒன்று நுழைந்தது. அதில் தனி கிராபிக்ஸ் கார்டு ஏது? இருந்ததை வைத்து வைஸ் சிட்டி ஆடிக் கற்றுக்கொண்டவன்தான் இன்று மென்பொருள் எழுதுகிறான். அவன் சம்பாத்தியம், அவன் ஆசை. "விளையாட்டுக்கா?" என்று முகம் சுளிப்பவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் எவ்வளவு என்று முதலில் சொல்லட்டும். நான் கேட்பது தங்கையின் கடைசி வருடக் கட்டணம் தேதி தவறாமல் போகுமா என்பதை மட்டும்தான். அது ஜூனில். அதுவரை 3080 ஓடும். அதற்குப் பிறகு முதலில் நல்ல திரை, 1440பி போதும். அந்தத் திரையில் 3080 மூச்சு வாங்குகிறது என்று அவன் கண்ணுக்கே தெரியும் நாளில், 16 ஜிபி உள்ள நடுத்தரக் கார்டு ஒன்றைப் பார்க்கலாம். 5090 வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

மின்சாரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1080 டிஐ 250 வாட். 3080 320. 4090 450. 5090 575. தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாதம் ஆடினால் 5090க்கு மட்டும் 103 யூனிட்டுக்கு மேல். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அந்த ஒரு கார்டே தின்றுவிடும். மொத்தம் 500ஐத் தாண்டினால் கணக்கிடும் அட்டவணையே வேறு. பவர் சப்ளையும் 1,000 வாட்டுக்கு மாற்றச் சொல்கிறது நிறுவனம். அது தனிச் செலவு. வீட்டிலிருந்து வேலை என்று கணினியோடு மலைக்குப் போகப் போவதாகவும் சொன்னான். மழைக்காலத்தில் அங்கே கரண்ட் போய்ப் போய் வரும். நல்ல யுபிஎஸ் இல்லாமல் எந்தக் கார்டையும் அங்கே கொண்டுபோகாதே என்றேன்.

பழைய கார்டு வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கு: தோண்டலில் ஓடிய கார்டு என்றாலே தீண்டக்கூடாது என்பதில்லை. விசிறி சத்தம் போடுகிறதா, அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடும்போது சூடு எங்கே நிற்கிறது என்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பில்லும் மிச்ச வாரண்டியும் எழுத்தில் இருக்கட்டும். 4090க்கு மேல் உள்ளவற்றில், பவர் கேபிள் சொருகும் இடத்தில் பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முழுதாக உள்ளே போகாத கேபிளால் அப்படி உருகிய கார்டுகள் 2022 கடைசியிலிருந்தே உண்டு.